தம்பியின் வழக்கை நடத்திக் கொடுத்த வக்கீலம்மா: காரைக்குடியிலிருந்து ஒரு கட்சிக்காரரின் விமர்சனம்

ஹோட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறோம். குடும்பமே நடுங்கிப்போய் நிற்கிற நேரத்தில் நம்பி ஏறுகிற வக்கீல் ஆபீஸைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காரைக்குடியில் கிரிமினல் வழக்கு நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. "என் பேரைப் போட்டு எழுதாதேம்மா, செஞ்ச வேலையை வேணா எழுது" என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா. நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னென்ன செய்தார் என்று தெரிந்தால், நீங்கள் எந்த ஊரில் எந்த வக்கீலிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பது பிடிபடும். பெயரைவிட அதுதான் முக்கியம்.

நான் கோட்டையூர் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, தேன்குழல். கல்யாணச் சீசனில் இரண்டு பெண்களைக் கூடுதலாக வைத்துக்கொள்வேன். என் தம்பிக்கு ஒரு செட்டியார் வீட்டில் வாட்ச்மேன் வேலை. செட்டிநாட்டு வீடு என்றால் தெரியும்தானே, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பல புள்ளி, அதாவது பல பங்காளிக் குடும்பங்கள். சிலர் சென்னையில், சிலர் கோலாலம்பூரில். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் முற்றமும் அறைகளுமான வளவைக் கூட்டுவதும், சாயங்காலம் விளக்குப் போடுவதும், மழைக்கு ஓடு விலகினால் ஆளைக் கூப்பிடுவதும் தம்பிதான்.

படைப்புக்கு வந்த சமயத்தில் ஒரு பங்காளி சாமான் அறையைத் திறந்து பார்த்திருக்கிறார். மங்குச் சாமான் என்கிற பாத்திரங்களில் ஒரு அடுக்கும் இரண்டு பித்தளை அண்டாவும் இல்லை. சாவி யாரிடம் இருந்தது? தம்பியிடம். புகார் போய்விட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவனைக் கைகூடக் கழுவ விடாமல் கூட்டிப் போனார்கள். "விசாரிச்சுட்டு அனுப்பிருவோம்" என்றார்கள். இருட்டும் வரை வரவில்லை. எந்த ஸ்டேஷன் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வக்கீலம்மாவின் நம்பரைக் கொடுத்தது என்னிடம் பலகாரம் வாங்கும் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி. கூப்பிட்டதும் அவர் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், வந்தவர்கள் யூனிஃபாரத்தில் இருந்தார்களா, தம்பி என்ன சட்டை போட்டிருந்தான். நான் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். அந்த விவரத்தையே என் பெயரில் ஒரு மனுவாக்கி, எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அனுப்பியதைப் படம் பிடித்து அவருக்கும் அனுப்பச் சொன்னார். அப்புறம்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

அங்கே அவர் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. சினிமாவில் வருகிற வக்கீல் மாதிரி மேசையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். "கைதுன்னா கைதுக் குறிப்பு கொடுங்க சார். விசாரணை மட்டும்னா 35(3) நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்க, நாளைக்கு நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை.

காத்திருந்த நேரத்தில்தான் எனக்கு விளக்கினார். வீட்டுக்குள் திருட்டு, வேலைக்காரன் செய்த திருட்டு இரண்டுக்குமே அதிகபட்சம் 7 ஆண்டுதான் தண்டனை. 7 ஆண்டு வரைக்குமான குற்றத்தில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அர்னேஷ்குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-ல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தபோது இந்த விஷயத்தில் பிரிவு எண்தான் மாறியது. கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸுக்கான பழைய 41ஏ இப்போது 35(3). அதேபோல, கைது செய்தால் நேரம் தேதி போட்டுக் குறிப்பு எழுத வேண்டும், வீட்டார் ஒருவரோ ஊரில் ஒரு பெரிய மனிதரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் டி.கே.பாசு வழக்கில் 1996-ல் வந்தது. அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்கிறது. பலகாரக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் இதையெல்லாம் நான் குறித்து வைத்தேன். இன்னும் இருக்கிறது.

ராத்திரி கைது காட்டினார்கள். குறிப்பில் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மேல் என்று போட்டிருந்தது. நான் கையெழுத்துப் போடப் போனபோது வக்கீலம்மா என் கையைப் பிடித்து, "கையெழுத்துக்குக் கீழே, மத்தியானம் கூட்டிட்டுப் போனாங்கன்னு எழுதி அப்புறம் போடு" என்றார். எழுதினேன். அந்த ஒரு வரியும், அதற்கு முன்னாலேயே போயிருந்த மின்னஞ்சலும் பின்னால் கோர்ட்டில் எவ்வளவு தூரம் வந்து நின்றன என்பதை நேரில் பார்த்தேன்.

மறுநாள் மாஜிஸ்திரேட் தம்பியிடம், "அடிச்சாங்களா?" என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான், பேசவில்லை. வக்கீலம்மா, "செருப்பைக் கழட்டச் சொல்லுங்க யுவர் ஆனர்" என்றார். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். அதன் பிறகு தம்பி மேல் யாரும் கை வைக்கவில்லை. ரிமாண்ட் ஆனது ஆனதுதான், ஆனால் உயிரோடு முழுசாக உள்ளே போனான்.

ஜாமீன் அவ்வளவு லேசில் முடியவில்லை. கிடைத்தது, கிடைத்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. எங்கள் சொந்தக்காரர்களில் பெயரில் வீடு உள்ளவர்கள் யாரும் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே ஒருவர் வந்து, ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால் ஜாமீன்தாரரைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். நான் பணத்தை எண்ண ஆரம்பித்தேன். வக்கீலம்மா விடவில்லை. "வாடகை ஜாமீன் என் ஃபைல்ல வராது" என்று முடித்துவிட்டார்.

அப்போது எனக்கு அவர் மேல் வருத்தம்தான். தம்பி உள்ளே கிடக்கிறான், இவர் கொள்கை பேசுகிறாரே என்று. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி அவர் மனு போட்டபோதுதான் புரிந்தது. 1978-ல் மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதையேதான் பேசியிருக்கிறார். ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். ஏழைக்கு அவன் தகுதிக்கு மீறிய ஜாமீன் கேட்பது தப்பு, வேறு மாவட்டத்துக்காரன் என்று ஜாமீன்தாரரைத் தள்ளுவதும் தப்பு என்று அவர் தீர்ப்பு எழுதினார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பதால் ஆட்கள் வெளியே வர முடியாமல் கிடக்கிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலும் சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கும்?

அந்த மனுவில் ஒரு ஜாமீன்தாரர் வெளி மாவட்டத்திலிருந்து ஏற்கப்பட்டார், எங்கள் மாமா. இன்னொருவர் யார் தெரியுமா? நம்பர் கொடுத்த அதே ஆச்சி. வீட்டு வரி ரசீதை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பய எங்க வீட்டுத் திண்ணையில விளையாடி வளர்ந்தவன், எனக்குத் தெரியாதா" என்று கோர்ட்டுக்கே வந்துவிட்டார்கள். செட்டியார் வீட்டுப் புகார், செட்டியார் வீட்டு ஜாமீன். ஊர் நாலு விதமாகப் பேசியது. ஆச்சி காதில் வாங்கவே இல்லை.

தினக் கையெழுத்துக்கும் தளர்வு மனு போட்டார். 10 மணிக்கு ஸ்டேஷனில் நிற்கிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதுதான் அவருடைய வாதம். முதலில் வாரம் ஒரு நாளாக மாறி, பிறகு முழுவதும் நீங்கியது. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் தம்பிக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது.

பீஸ் விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பணம் வாங்குவதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இதை நீங்க இலவசமாவே நடத்திக்கலாம்" என்பது. 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு இருக்கிறது. காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், இவர்களுக்கு எவ்வளவு வருமானம் என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், போனில் 15100. இதைச் சொல்லிவிட்டு, "அப்பவும் நான்தான் வேணும்னா என் பீஸ் இது" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஜாமீனுக்கு 6,000, விசாரணை முழுக்க 25,000, நான்கு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது. வாய்தாவுக்கு வாய்தா பெட்ரோல் காசு, டீ காசு என்று குமாஸ்தா கை நீட்டுகிற வழக்கமே அங்கே கிடையாது.

நாங்கள் அவரையே வைத்துக்கொண்டோம். அதற்காக இலவச சட்ட உதவி மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-லிருந்து பல மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வக்கீல்களை நியமித்திருக்கிறார்கள். தம்பியோடு மில்லில் வேலை பார்க்கிற பையனின் அடிதடி வழக்கை அப்படி ஒருவர்தான் நடத்துகிறார், ஒரு வாய்தாகூடத் தவறியதில்லை.

குறைகளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆபீஸ் மாடியில். படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் போன் செய்தால் ஜூனியரைக் கீழே அனுப்புகிறார்கள், ஆனால் அதை நாமாகக் கேட்க வேண்டும். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்குத்தான் உங்கள் முறை. ஜூனியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். ஒரு முறை எங்கள் ஃபைல் வேறு கேஸ் கட்டோடு சேர்ந்துபோய், கோர்ட் கூப்பிடுகிற நேரத்தில் தேட வேண்டியதாகிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம், ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாதவர். "ஜெயிச்சிரலாமா மேடம்?" என்று நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் ஜெயிப்போம் என்று சொல்ல மாட்டார். "என்கிட்ட இருக்கறது இது, அவங்ககிட்ட இருக்கறது இது" என்று இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அம்மாவை ஒருதரம் கூட்டிப் போனேன். திரும்பும் வழியெல்லாம், "கல்லு மனசுக்காரி" என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஆனால் குறுக்கு விசாரணை அன்றைக்கு அம்மா கோர்ட்டில் இருந்திருக்க வேண்டும்.

போலீஸ் தரப்பில் முக்கியமான சாட்சியமே ஒரு பித்தளை அண்டாதான். தம்பி ஒப்புக்கொண்டு காட்டிக் கொடுத்ததாகவும், பழம்பொருள் வியாபாரி ஒருவரிடமிருந்து கைப்பற்றியதாகவும் மகஜர், அதாவது கைப்பற்றல் குறிப்பு, எழுதியிருந்தார்கள். போலீஸிடம் சொன்னதாகச் சொல்லப்படும் ஒப்புதல் சட்டப்படி செல்லாது, ஆனால் அதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால் அந்த அண்டாதான் எல்லாம். அதை வைத்துத் தம்பி உள்ளே போகலாம், அது இல்லாவிட்டால் வெளியே வரலாம்.

விசாரணைக்கு முன்னால் வக்கீலம்மா கோர்ட் அனுமதியோடு அந்த அண்டாவைப் பார்த்திருந்தார். எங்கள் பக்கத்துப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டில் அதற்கு விலாசம் என்று பெயர். அப்பச்சி (அப்பா), ஐயா (தாத்தா) பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக இருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ச் சாமானிலிருந்து பந்தி பரிமாறுகிற கரண்டி வரைக்கும் விலாசம் இல்லாத பாத்திரம் இருக்காது.

புகார் கொடுத்தவர் கூண்டில் நின்றார். வயசானவர், கௌரவமானவர், பொய் சொல்ல வந்தவர் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வக்கீலம்மாவும் அவரை அந்த மரியாதையோடுதான் நடத்தினார்.

"ஐயா, இந்த அண்டா உங்க வீட்டு அண்டாதானா?"

"ஆமா."

"விளிம்புக்குக் கீழே எழுத்து வெட்டியிருக்கு. கொஞ்சம் வாசிக்கிறீங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அண்டாவை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டி, மறுபடி வாசித்தார்.

"இது உங்க விலாசமா ஐயா?"

"இல்லை. இது எங்க பெரியப்பா வீட்டு விலாசம்."

"அவங்க புள்ளிக்குத் தனிச் சாமான் அறையா?"

"ஆமா, மேலப்பக்கம்."

"அந்தச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவங்ககிட்டதான். வாட்ச்மேன்கிட்ட கொடுக்கிறதில்லை."

"அவங்க சாமான் ஏதாவது காணலைன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லலை."

அந்தப் பெரியவர் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். வளவு ஒன்றாக இருந்தாலும் சாமான் வேறு, சாவி வேறு. பெரியப்பா வீட்டு வாரிசுகள் தங்கள் சாமான்களில் சிலதைத் தாங்களே விற்றிருக்கிறார்கள் என்பது அப்புறம் அவர்கள் கொடுத்த சாட்சியத்திலேயே வந்தது. விற்றது அவர்கள் உரிமை, யாரும் தப்புச் சொல்ல முடியாது. கைது நேரத்தில் இருந்த முரண்பாடும், என் மின்னஞ்சலும், ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்ந்துகொண்டன. தம்பி விடுதலை.

காணாமல் போன மங்குச் சாமான் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்க யாரும் முயற்சி செய்யவே இல்லை என்பதில் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. சாவி வைத்திருந்தவன் ஏழை என்பதோடு விசாரணை முடிந்துபோனது. அதில் புகார் கொடுத்த வீட்டுக்கும் நஷ்டம்தான்.

வழக்கு நடக்கும்போதுதான் மடப்புரம் சம்பவம் வந்தது. எங்கள் சிவகங்கை மாவட்டமே திருப்புவனம் பக்கத்து பத்திரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாரை மறக்காது. காரிலிருந்த நகை காணவில்லை என்று விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள், 2025 ஜூன் 28-ல் அவர் உயிர் போனது. காவலர்கள் கைதானார்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. காவல் வேலை, திருட்டுச் சந்தேகம், அதே மாவட்டம். தம்பியைப் பிடித்த ராத்திரி வக்கீலம்மா மட்டும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வாரமே வக்கீலம்மா தன் ஆபீஸ் முன்கூடத்தில் காவலாளிகளையும் வீட்டு வேலை செய்கிறவர்களையும் கூட்டி உட்காரவைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவர் முன்பிருந்தே நடத்துவதுதான், ஆனால் அன்றைக்கு வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். மைக் இல்லை, பேனர் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும், யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும், வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லவைத்தார்.

அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் சாமான் சீட்டு. என் மனசுக்கு அவர் செய்த வேலைகளிலேயே பெரியது அதுதான். பெரிய வீட்டில் காவல் வேலைக்குச் சேரும்போதே எந்த அறைச் சாவி தன்னிடம், எந்த அறை தனக்குச் சம்பந்தமில்லாதது, பொறுப்பில் உள்ள சாமான் என்னென்ன என்று இரண்டு பிரதி எழுதி, வீட்டுக்காரரும் காவலாளியும் கையெழுத்துப் போடுவது. யாராவது பங்காளி வந்து சாமான் எடுத்தால் அதே தாளில் ஒரு வரி. வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றுதான் நாங்கள் பயந்தோம். அவர்களிடமும் அவரே போய்ப் பேசினார். "உங்க சாமானுக்கும் இதுதான் பாதுகாப்பு" என்றார். கணக்கு எழுதிப் பழகிய ஊர், நோட்டுப் போடுவதை யார் வேண்டாம் என்பார்கள்? கானாடுகாத்தான் பக்கமும் பள்ளத்தூர் பக்கமும் இப்போது சில வீடுகளில் இந்தச் சீட்டு இருக்கிறது. தம்பி மறுபடி ஒரு வீட்டில் காவலுக்குச் சேர்ந்தபோது முதல் வேலையாக எழுதி வாங்கியது அதைத்தான்.

மஞ்சுவிரட்டு சமயத்து அடிதடிகளிலும் அவர் கை இருக்கிறது. சிறாவயல் முடிந்த கையோடு இளவட்டங்கள் தலையை உடைத்துக்கொண்டு வருவார்கள். சமாதானமாகப் போகச் சட்டம் இடம் கொடுக்கிற வழக்காக இருந்தால், அடிபட்டவன் சம்மதம் முதலில், ஆஸ்பத்திரிச் செலவு இரண்டாவது, அதற்கப்புறம்தான் கோர்ட்டில் மனு என்று இரண்டு வீட்டாரையும் உட்காரவைப்பார். அடிபட்டவன் வேண்டாம் என்றால் அத்தோடு சரி, வற்புறுத்த விடமாட்டார். முதல் தப்புச் செய்த பையன்களுக்கு 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்டு வாங்குகிறார். சிறைக்குப் போகாமல், கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கலாம். 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைத்தார்கள் என்று தெரிந்தால் மட்டும் அவர் குரல் உயரும். நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அவர் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளில். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது. அதுவரை உயர் நீதிமன்ற ஜாமீன் என்றால் சென்னைக்கு ராத்திரி பஸ். சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வந்த நாட்களைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் சொல்ல மாட்டார். ஆனால் அவர் மேசையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது, அதைக் கேட்டால் காட்டுவார். சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகளின் பெயர், பிரிவு, உள்ளே போன தேதி. குற்றப்பத்திரிகை போடாமல் 60 நாளோ 90 நாளோ எப்போது முடிகிறது, அது முடிந்தால் ஜாமீன் உரிமை. பக்கத்தில் இன்னொரு தேதி சிவப்பு மையில். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், மேலும் வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது கிடையாது. இந்தத் தேதியை அவர் கட்சிக்காரர்களுக்கு மட்டுமில்லை, வக்கீலே இல்லாதவர்களுக்கும் எழுதி வைத்திருக்கிறார், நாள் வந்ததும் சட்டப் பணிகள் குழுவுக்கு மனு அனுப்புகிறார். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் சிறைகளைப் பற்றி வெளிவந்த விஷயத்தை அவர் சொல்லித்தான் கேட்டேன். குற்றம் நிரூபணமானால்கூடக் கிடைக்காத அளவு காலத்தை விசாரணைக் கைதிகளாகவே கழித்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டையே வந்தது. மனைவியை அடித்துக் கையை ஒடித்த ஒருவனுக்கு அவர் ஆஜரானார். அந்தப் பெண் என் தெரு. எப்படி உங்களால் முடிகிறது என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவனுக்கு முறையா விசாரணை நடந்தாத்தான் கொடுக்கிற தண்டனை அப்பீல்ல நிக்கும். ஓட்டை போட்டு வச்சா அந்தப் பொண்ணுக்குத்தான் நஷ்டம்" என்றார். அந்தப் பெண்ணைக் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்டபோது நான் கோர்ட்டில் இருந்தேன். அவள் நடத்தையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, அழவைக்கிற கேள்வி ஒன்று இல்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு என்று அவள் அம்மாவிடம் முன்பே சொல்லி அனுப்பியதும் வக்கீலம்மாதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்னமும் அந்த வழக்கு எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. ஆனாலும் தம்பிக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததும் இதே வக்கீலம்மாதானே.

யாருக்கு இவர் சரிப்படுவார் என்றால், உள்ளதை உள்ளபடி சொல்லத் தயாராக இருப்பவர்களுக்கு. கதை மாற்றிச் சொன்னால் அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஸ்டேஷனில் ஆள் தெரியும், கோர்ட்டில் ஆள் தெரியும் என்று சொல்லும் வக்கீல்தான் வேண்டும் என்றால் இந்த மாடிப்படியை ஏற வேண்டாம். சொத்து, பாகப்பிரிவினை, பத்திரம் எதுவும் எடுப்பதில்லை. அதற்கு வேறு ஆபீஸ் சொல்லி அனுப்புவார்.

போகிறவர்கள் எஃப்.ஐ.ஆர். நகல், கைதுக் குறிப்பு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதுவும் கொண்டு போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லையென்றால் எண்ணும் தேதியும் போதும், அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கு இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, காவல் வேலை பார்க்கிறவர்கள், சமையலுக்குப் போகிறவர்கள் யாரும் போகலாம். அன்றைக்குத் தட்டில் இருக்கும் சீப்புச்சீடை எங்கள் வீட்டுச் சரக்கு, காசு கொடுத்துத்தான் வாங்குகிறார், குறைத்துக் கொடுத்தால்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்.